நாற்பது வெற்றிலையும் ஒரு பள்ளி பஸ்ஸும்

1

நான் இருக்கும் ஊரின் நகரசபையில் ஒரு பதிவேடு இருக்கிறது. உறுப்பினர்கள் யாரிடமிருந்து என்ன வாங்கினாலும் அதில் எழுதிவிட வேண்டும். யார் வேண்டுமானாலும் இணையத்தில் போய்ப் பார்க்கலாம். கிரிக்கெட் ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட், ஒரு விருந்துச் சாப்பாடு, ஒரு கூடை பழம் என்று வரிசையாக வரும். அதற்கு நடுவே என் பெயரோடு ஒரு வரி: "இலைகள், நாற்பது. மரியாதைக்காகத் தரப்பட்டவை. மதிப்பு மிகக் குறைவு."

அது வெற்றிலை. மதிப்புக் குறைவு என்று எழுதியதில் எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் உண்டு.

இங்கிலாந்தின் வடக்கே இந்தச் சின்ன ஊருக்கு நாங்கள் வந்து போன வாரத்தோடு பத்து வருஷம். அதற்காக என் கணவர் கேக் வாங்கி வந்த அன்றுதான் நகரசபையின் புதிய பள்ளிப் போக்குவரத்து விதியும் தபாலில் வந்தது. கேக்கை மேசையில் வைத்துவிட்டு அந்தத் தாளை இரண்டு தரம் படித்தேன். "கேக் உருகுது" என்றார் அவர். ஜனவரி மாதத்தில் இங்கே எதுவும் உருகாது, பசியில் சொன்னார்.

அந்தத் தாளுக்குப் பின்னால் எட்டு மாதக் கதை இருக்கிறது. இலங்கையில் மாத்தளைப் பக்கம் இருப்பவர்களுக்கு அதைச் சொல்லியாக வேண்டும். அதில் பெரிய பங்கு உங்களுடையது.

2

போன மே மாதம் ஒரு கடிதம் வந்தது. என் மகள் தாரணிக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் சாலை வழியாக மூன்றரை மைல். மூன்று மைலுக்கு மேல் இருந்தால் நகரசபை இலவச பஸ் பாஸ் கொடுக்கும். அதில்தான் போய் வந்துகொண்டிருந்தாள். கடிதம் சொன்னது இதுதான்: இனிமேல் தூரத்தைச் சாலை வழியாக மட்டும் அளக்கமாட்டோம், நடைபாதைகளையும் சேர்த்து அளப்போம். கால்வாய்க் கரையோரமாக ஒரு பாதை இருக்கிறது. அந்த வழியில் உங்கள் வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை இரண்டே முக்கால் மைல்தான். ஆகவே செப்டம்பரிலிருந்து பாஸ் கிடையாது.

அந்தக் கால்வாய்ப் பாதை எனக்குத் தெரியும். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பழைய தொழிற்சாலைச் சுவர். ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. தனியாக அனுப்ப வேண்டாம், பெரியவர் ஒருவர் கூடப் போகலாம் என்றும் கடிதத்தில் இருந்தது. எந்தப் பெரியவர்? நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் ஆறு மணிக்கு அடுப்புப் பற்ற வைக்க வேண்டும். கணவர் ஐந்தரைக்கே கிடங்கு வேலைக்குப் போய்விடுவார். பாஸ் போனால் ஒன்று நான் வேலையை விட வேண்டும், இல்லை என் பிள்ளை இருட்டில் தண்ணீர் ஓரம் தனியாக நடக்க வேண்டும்.

மேல்முறையீட்டுப் படிவம் பன்னிரண்டு பக்கம். நிரப்பி அனுப்பினேன். இரண்டு வாரத்தில் பதில் வந்தது: விதி சரியாகவே பின்பற்றப்பட்டிருக்கிறது. யார் கையெழுத்தும் இல்லை, ஒரு நீண்ட இலக்கம் மட்டும் இருந்தது.

அதைப் பார்த்ததும் உள்ளே இருந்த மாத்தளைக்காரி விழித்துக்கொண்டாள். அதிகாரி முடியாது என்றால் என்ன செய்வோம்? அதிகாரிக்கு மேலே இருப்பவரைப் பிடிப்போம்.

3

மாத்தளையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு அலுவலகத்தில் காரியம் ஆக வேண்டுமென்றால் முதலில் அந்த அலுவலகத்துக்குப் போவதில்லை. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு எம்.பி. வீட்டுக்குப் போவோம். பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்கார்வோம். இணைப்புச் செயலாளர் வெளியே வந்து எல்லாரையும் ஒரு தரம் பார்த்துவிட்டு உள்ளே போவார். கடைசியில் எம்.பி. வருவார். வெற்றிலைக் கட்டை இரண்டு கையாலும் கொடுத்துக் கும்பிட்டால், "இவர் எனக்கு வேண்டியவர், உதவவும்" என்று நாலு வரி எழுதிய துண்டு கிடைக்கும். சில நாள் அதிர்ஷ்டம் இருந்தால் நம் முன்னாலேயே போன் போடுவார்.

என் அப்பாவுக்கு அந்த அதிர்ஷ்டம் ஒரு நாள் இருந்தது.

எல்கடுவப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். மேலே இருக்கும் பிரிவை மேக்கணக்கு என்போம். எங்கள் லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு, அங்கேதான். பஸ் கீழே ஸ்டோர் வரைக்கும்தான் வரும். ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. மேக்கணக்கிலிருந்து இறங்க ஒன்றேகால் மணி நேரம். அப்பாவும் தலைவரும் எம்.பி.யிடம் போய்ப் பிள்ளைகளுக்காக ஒரு பஸ் கேட்டார்கள். அவர் டிப்போவுக்குப் போன் போட்டார். "நாளைக்கே பஸ் மேல போகணும்" என்றாராம். அடுத்த நாள் காலை நிஜமாகவே பஸ் வந்து நின்றது. டயருக்கு முன்னால் தேங்காய் உடைத்தார்கள். நானும் என் தங்கச்சி ராணியும் முதல் சீட்டில் ஏறி உட்கார்ந்தோம். நான் பத்தாம் வகுப்பு, அவள் எட்டாம் வகுப்பு.

சில மாதம் ஓடியது. தேர்தல் வந்தது. அந்த எம்.பி. தோற்றுப் போனார். அதற்கடுத்த திங்கட்கிழமை பஸ் வரவில்லை. எட்டு மணி வரை பனியில் நின்றுவிட்டுத் திரும்பினோம். அப்பா டிப்போவுக்குப் போய் டைம் கீப்பரிடம் கேட்டிருக்கிறார். அவர் புத்தகத்தைத் திறந்து அப்பா பக்கம் திருப்பிக் காட்டினாராம்.

"இந்த ட்ரிப் புத்தகத்துல இல்ல ஐயா. எம்.பி. சேர் சொன்னாரு, ஓடிச்சு. இப்ப சேர் இல்ல, ட்ரிப்பும் இல்ல."

புதிய எம்.பி. அதே பஸ்ஸை நாவுலப் பக்கம் தன் ஆட்களுக்கு அனுப்பிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம். அங்கேயும் பிள்ளைகள் தேங்காய் உடைத்துத்தான் ஏறியிருக்கும். அதுகளை என்ன சொல்வது!

மழைக்காலத்தில் ராணிக்கு இழுப்பு வரும். அந்த இறக்கத்தில் நனைந்து நனைந்து இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மாத்தளை டவுனில் சித்தப்பா வீட்டில் ஒருத்தியைத்தான் தங்க வைக்க முடியும் என்றார்கள். எனக்கு அடுத்த வருஷம் பரீட்சை. நான் போனேன். அவள் நின்றுவிட்டாள். அவளுடைய படிப்பு எட்டாம் வகுப்போடு முடிந்தது. என் சர்டிபிகேட்டை எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு தரமும் எனக்கு அவள் ஞாபகம் வரும். அவள் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

4

இத்தனை தெரிந்தும் நான் வெற்றிலை வாங்கப் போனேன். ஒரு மணி நேரம் ரயிலில் போய்த் தமிழ்க்கடையில் நாற்பது இலை, நல்ல இளம் பச்சையாக, ஒன்றிலும் கிழிசல் இல்லாமல் எடுத்தேன். பாக்கும் சேர்த்து வெள்ளித் தாளில் சுற்றினேன்.

எங்கள் வட்டாரத்து நகரசபை உறுப்பினர் ஹெலன் என்ற அம்மா. மருந்துக்கடையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை காலையில் நூலகத்தின் ஒரு மூலையில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். இணைப்புச் செயலாளர் கிடையாது, காத்திருப்பும் கிடையாது. எனக்கு முன்னால் ஒரே ஒருவர், அவரும் நாய்க்காக வந்தவர். இவ்வளவு சுலபமாகப் பார்க்க முடிகிற ஆளுக்கு என்ன செல்வாக்கு இருக்கப் போகிறது என்று எனக்கு அப்போதே நம்பிக்கை குறைந்துவிட்டது.

இருந்தாலும் இரண்டு கையாலும் நீட்டினேன். லேசாகக் குனிந்தும் விட்டேன். வாங்கிப் பிரித்துப் பார்த்து, "இதைச் சமைக்க வேண்டுமா?" என்று கேட்டார். மரியாதைக்குக் கொடுப்பது என்று விளக்கினேன். மிகவும் சந்தோஷப்பட்டார். சந்தோஷப்பட்டுக்கொண்டே பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து, என் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு, நான் முதலில் சொன்ன அந்த வரியை எழுதினார். இவ்வளவு சின்னப் பொருளை எழுத வேண்டிய கட்டாயம் இல்லையாம், ஆனாலும் எழுதிவிடுவது அவருக்குப் பழக்கமாம்.

பிறகு விஷயத்துக்கு வந்தேன். கடிதத்தைக் காட்டி, "அந்த அதிகாரிக்கு நாலு வரி எழுதித் தாருங்கள், எனக்குத் தெரிந்தவர் என்று மட்டும் போட்டால் போதும்" என்றேன்.

ஹெலன் பேனாவை மூடி வைத்தார்.

"அப்படி எழுதினால் அது உங்களுக்குத்தான் கெடுதல்," என்றார். "ஒரு பிள்ளைக்குப் பாஸ் கொடு என்று நான் அதிகாரிக்குச் சொல்ல முடியாது. சொன்னால் அவர் என் மேல் புகார் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் அவர் எழுதுகிற விதி நகரசபையில் எங்கள் குழு ஒப்புக்கொண்டால்தான் நடைமுறைக்கு வர முடியும். அங்கே நான் கேள்வி கேட்கலாம், விதியை மாற்றச் சொல்லலாம். என்ன கேட்க வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள்."

நாற்பத்தைந்து வருஷ வாழ்க்கையில் பாஸ் கேட்டிருக்கிறேன், கையெழுத்துக் கேட்டிருக்கிறேன். என்ன கேள்வி கேட்பது என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் தாரணி சிரித்துப் புரண்டாள். "அம்மா, நீங்க கவுன்சிலருக்கு லஞ்சம் குடுத்தீங்களா? அதுவும் இலையா?" இங்கே வளர்ந்த பிள்ளை, அவளுக்குத் தமிழில் லஞ்சம் என்ற வார்த்தை தெரியும், வெற்றிலை என்ற வார்த்தை தெரியாது. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. போனை எடுத்து ராணியைக் கூப்பிட்டேன்.

5

ராணி இன்னும் மேக்கணக்கில்தான் இருக்கிறாள். கொழுந்து எடுக்கிறாள். அவளுடைய மகள் இப்போது எட்டாம் வகுப்பு. வாரா வாரம் பேசுவோம். சாப்பிட்டீங்களா, அங்கே மழையா, இங்கே குளிர் என்பதோடு முடிந்துவிடும். அன்றைக்கு நடந்ததை முழுக்கச் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு, "அக்கா, நீ இன்னும் அப்பா மாதிரியே துண்டு வாங்கத்தான் போயிருக்க" என்றாள்.

"வேற என்ன செய்யச் சொல்ற?"

"நாங்க போன வருஷம் என்னா செஞ்சோம்னு ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது. எலக்சன் முடிந்ததும் புதிய பிரதேச சபை மெம்பர், அதாவது அந்த ஊர்க் கவுன்சிலர், சின்ன வயசுப் பையன், ஓட்டுப் போட்டதற்கு நன்றி சொல்ல லயத்துக்கு வந்தானாம். பஸ் வேண்டும் என்று கேட்டதும் உடனே போனை எடுத்திருக்கிறான். ராணி தடுத்துவிட்டாள்.

"போன் பண்ண வேணாம் தம்பின்னேன். நீங்க பேசி வர்ற பஸ் நீங்க இருக்க மட்டும்தான் ஓடும். அத நாங்க பார்த்துட்டோம். டிப்போ மேனேஜரக் கூட்டிக்கிட்டு காலைல ஆறு மணிக்கு இங்க வாங்க. புள்ளைங்களோட கீழ வரைக்கும் நடங்க. பிறகு என்னா எழுதுறாங்களோ எழுதட்டும்னேன்."

"வந்தாங்களா?"

"வந்தாங்க. மொத தடவ நல்ல வெயில். மேனேஜர் மூச்ச நல்லா இழுத்துவிட்டு, காத்து சுத்தமா இருக்கு, நடக்கிறது ஒடம்புக்கு நல்லதுன்னு சொல்லிட்டு வேன்ல ஏறிட்டாரு. நாங்க விடல. மெம்பர்கிட்ட சொல்லி மழையில ஒரு தடவ வரச் சொன்னோம். அன்னைக்கி ஸ்டோருக்குப் போய்ச் சேர்றப்ப மனுசன் கால்ல பதினோரு அட்டை. நான்தான் சவர்க்காரம் போட்டு எடுத்துவிட்டேன்."

பிறகு மெம்பர் பிரதேச சபையில் பேசித் தீர்மானம் போட்டு டிப்போவுக்கு அனுப்ப, டிப்போ அந்த ட்ரிப்பை நேர அட்டவணையிலேயே எழுதிவிட்டதாம். காலையில் ஒன்று, பள்ளி விட்டதும் ஒன்று.

"இத ஏன்டி எனக்குச் சொல்லல?"

"நீ எங்க கேட்ட? மழையான்னுதான் கேட்ப."

போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் அழுதேன். வெட்கம்தான். சந்தோஷமும் இருந்தது.

6

அடுத்த சனிக்கிழமை ஹெலனிடம் வெறுங்கையோடு போனேன். கேட்க வேண்டிய கேள்வி இப்போது என்னிடம் இருந்தது. "அந்தப் பாதையை அளந்தவர் அதில் நடந்தாரா?"

ஹெலன் அதை அப்படியே எழுதிக்கொண்டார். குழுவுக்கு நானும் ஒரு கடிதம் கொடுக்கலாம் என்றார். எழுதினேன். மாத்தளைப் பழக்கத்தில், மேன்மை தங்கிய என்று தொடங்கி, தாழ்மையுடன் வேண்டி, ஆவன செய்யுமாறு பணிந்து, இரண்டு பக்கம் போனது. தாரணி சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். "இதுல நீங்க என்ன கேக்குறீங்கன்னே தெரியல அம்மா" என்று ஒன்றே முக்கால் பக்கத்தை வெட்டி எறிந்தாள். மிச்சம் இருந்தது எட்டு வரி. என் பணிவெல்லாம் போய்விட்டதே என்று இருந்தாலும் கடிதம் நன்றாகத்தான் இருந்தது. அந்த எட்டு வரியை அவளும் நானும் ஒரே மேசையில் உட்கார்ந்து சரிபார்த்த மாலை எனக்குப் பிடித்த மாலைகளில் ஒன்று.

குழுவில் ஹெலன் கேள்வியைக் கேட்டார். போக்குவரத்து அதிகாரி நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. கணினி வரைபடத்தில் அளந்ததாகச் சொன்னார். வேண்டுமானால் நடந்து பார்க்கிறேன் என்றும் சொன்னார். ஜூன் மாதம் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு நடந்தார். நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன்.

கொள்ளை அழகு! கரையெல்லாம் பூ. வாத்துக் குஞ்சுகள் வரிசையாக நீந்துகின்றன. அதிகாரி நின்று படம் எடுத்தார். "என் பிள்ளைக்கு இப்படி ஒரு பாதை இருந்தால் கொடுத்து வைத்தவன்" என்றார். எனக்கு அந்த வாத்துகளை அப்படியே கறி வைத்துவிடலாம் போல இருந்தது.

ராணியிடம் சொன்னபோது அவள் கொஞ்சமும் அசரவில்லை. "எங்காளும் மொத வெயில்லதான் வந்தாரு. ஒங்க ஊர்ல மோசமான மாசம் எது?"

"டிசம்பர்."

"அப்ப டிசம்பர்ல வரச் சொல்லு. அது வரைக்கும் பாஸ நிறுத்தக் கூடாதுன்னு சொல்லு."

ஹெலனிடம் இதைச் சொன்னேன். என் தங்கச்சி யோசனை என்றும் சொன்னேன். உங்கள் தங்கச்சி எந்தக் கட்சியில் இருக்கிறார் என்று கேட்டார். தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறாள் என்றேன். அடுத்த கூட்டத்தில் ஹெலன் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: டிசம்பர் மாதம், பள்ளி நேரத்தில், அதிகாரி நடந்து பார்க்கும் வரை எந்தப் பிள்ளையின் பாஸும் நிற்கக் கூடாது. எதிர்க்கட்சிக்காரர் இரண்டு பேரும் கை தூக்கினார்கள். அவர்கள் வட்டாரத்திலும் ஒரு வயல் பாதை இருந்தது.

7

டிசம்பரில் நடந்தோம். ஹெலன், அதிகாரி, நான், பள்ளிப் பையோடு தாரணி. ஏழரை மணிக்கு அமாவாசை மாதிரி இருட்டு. தரையில் கண்ணாடி போல் பனி உறைந்திருந்தது. கால்வாய் எங்கே முடிகிறது, பாதை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அதிகாரி இரண்டாம் பாலத்துக்குப் பக்கத்தில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். தாரணிதான் கை கொடுத்துத் தூக்கினாள். எழுந்து காற்சட்டையைத் தட்டிக்கொண்டே, இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டார். "இன்னும் ஒன்றரை மைல்" என்றாள் அவள். பிறகு யாரும் பேசவில்லை. பள்ளி வாசலில் வெளிச்சத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்கமாட்டேன். அட்டை கடிக்காததுதான் ஒரு குறை.

அதன் பிறகு அதிகாரியே விதியைத் திருத்தி எழுதினார். ஹெலன் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அவர் கேட்டார், நடக்க வைத்தார், திரும்ப எழுதி வந்ததற்குக் கை தூக்கினார், அவ்வளவுதான். அந்தத் தாள்தான் கேக் வாங்கிய அன்று வந்தது.

அடுத்த நாள் எனக்கு லீவு. காலை எட்டரைக்கு ராணியைக் கூப்பிட்டேன். அங்கே மதியம் இரண்டு மணி. தாரணி அப்போதுதான் பஸ்ஸில் போயிருந்தாள்.

"தாள் வந்துருச்சு ராணி."

"வாசிச்சுக் காட்டுக்கா. தமிழ்ல சொல்லு."

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். விளக்கு இல்லாத பாதையைத் தூரக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தண்ணீர் ஓரமாகத் தடுப்பு இல்லாத பாதையையும் சேர்க்கக் கூடாது. எந்தப் பாதையையும் கணக்கில் சேர்க்கும் முன் அதிகாரி ஒருவர் குளிர்காலத்தில், பள்ளி நேரத்தில் அதில் நடந்து பார்த்திருக்க வேண்டும்.

"அதுல ஒன் பேரு இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"தாரணி பேரு?"

"இல்ல. உன் யோசனைன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாம், அதையும் போடல."

"அந்த மெம்பர் அம்மா பேரு?"

தாளைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்தேன். "அதுவும் இல்ல."

"அப்ப சரி," என்றாள் ராணி. "அப்ப ஓடும்."

அவளிடம் முப்பது வருஷமாகச் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தப் பக்கம் ஒரு ஹார்ன் சத்தம், நீளமாக, வளைவில் அடிப்பது.

"மேல பஸ் வந்துருச்சுக்கா," என்றாள். "புள்ள எறங்கும். வைக்கிறேன்."